வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?

மூலிகை கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் ஜார்ஜ்டவுனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருந்தாளர்.)

*கேள்வி: எனக்கு 58 வயது. நீரிழிவுக்கு ஒன்பது ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் நித்தியகல்யாணிப் பூவைக் காய்ச்சிக் குடித்தே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பதாகச் சொல்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு நானும் குடிக்கலாமா? – வாசகர், ஆயர் ஈத்தாம்*

வேண்டாம், ஐயா. மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். அந்தக் கஷாயத்தைத் தொடவும் வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இதே கேள்வி இந்த மாதம் மட்டும் மூன்று கடிதங்களில் வந்திருக்கிறது.

நித்தியகல்யாணியை நம் பினாங்கில் தேடிப் போக வேண்டியதில்லை. கோயில் மதிலோரத்திலும் அடுக்குமாடி நடைபாதைத் தொட்டிகளிலும் ஆண்டு முழுதும் பூத்துக்கொண்டிருக்கும். அதன் தாய்மண் மடகாஸ்கர். நீரிழிவுக்கு அதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது, ஜமைக்காவிலும் இருந்தது. 1950களில் அங்கிருந்து கொஞ்சம் இலை கனடாவுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்தது. ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அது சர்க்கரையைக் குறைக்கிறதா என்று எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆனால் ஊசி வழியாக இலைச்சாறு ஏறிய எலிகள் நோய்த்தொற்று கண்டு இறந்தன. இரத்தத்தைப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் அடியோடு சரிந்திருந்தன. வெள்ளை அணுக்களை இப்படி வீழ்த்தும் பொருள், அவை கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு மருந்தாகுமே என்று அவர்கள் யோசித்தார்கள். 1958-இல் வின்பிளாஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது; அடுத்து வின்கிறிஸ்டின் வந்தது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் அந்த மருந்து ஏறுகிறது.

நான் மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில் வின்கிறிஸ்டின் தயாரிக்கத் தனி அறை உண்டு. கையுறை, முகக்கவசம், கண்ணாடித் தடுப்பு எல்லாம் போட்டுக்கொண்டுதான் குப்பியைத் தொடுவோம். பெரியவர்களுக்கே ஒரு வேளைக்கு இரண்டு மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. ஒருவர் அளந்ததை இன்னொருவர் சரிபார்க்காமல் அது வெளியே போகாது. அந்தச் செடியை, ஐயா, ‘ஒரு கைப்பிடிப் பூ’ என்ற கணக்கில் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார்கள். வாய்வழியாக உடம்பில் சேர்வது ஊசியைவிடக் குறைவுதான். ஆனாலும் எந்தக் கைப்பிடியில் எவ்வளவு இருக்கிறது என்று கீழ்வீட்டுக்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. என் அப்பா லிட்டில் இந்தியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாட்டு மருந்துக் கடை நடத்தினார். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஆவாரம்பூ கட்டிக் கொடுத்தவர், நித்தியகல்யாணியைக் கடைசிவரை கடைக்குள் விடவே இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் நிறுத்த நினைக்கும் மெட்ஃபார்மினும் செடிவழி வந்ததுதான். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி உண்டு. அதிலுள்ள சத்து சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் நஞ்சு. மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. அந்தச் சத்தின் அமைப்பைப் பின்பற்றி, நஞ்சு குறைந்த உறவுப் பொருள்களை வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்றான மெட்ஃபார்மினை 1957-இல் பாரிஸைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்டெர்ன் நீரிழிவுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார். ஆகவே நீங்கள் ஒன்பது ஆண்டுகளாக மூலிகையைத்தான் சாப்பிடுகிறீர்கள், அளந்து, நஞ்சு நீக்கி.

பாகற்காயும் வெந்தயமும் சமையலில் தாராளமாகச் சேருங்கள். இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும், காலையில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு என்று புதிதாகத் தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்குமேல் இறக்கினால் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வந்துவிடும்.

*கேள்வி: என் மகன் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஜி6பிடி குறைபாடு இருப்பதாக மருத்துவமனையில் சொல்லி அட்டை கொடுத்தார்கள். சளி கட்டியிருக்கிறது என்று என் மாமியார் குப்பைமேனிச் சாறு இரண்டு சொட்டு கொடுக்கச் சொல்கிறார். வசம்பும் உரைத்துத் தடவ வேண்டுமாம். மறுத்தால் வருத்தப்படுகிறார். என்ன செய்வது? – வாசகி, பட்டர்வொர்த்*

அம்மா, முதலில் அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். எந்த கிளினிக்கிற்குப் போனாலும் காட்டுங்கள். நம் நாட்டில் குழந்தை பிறந்ததுமே தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது பெரிய நன்மை. சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி உங்கள் மகனுக்குக் குறைவு. சில பொருள்கள் உள்ளே போனால் அந்த அணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். குழந்தை வெளிறிப்போகும், மஞ்சள் ஏறும், சிறுநீர் தேயிலைச் சாயம்போல இறங்கும்.

அப்படி உடைக்கக்கூடியவற்றில் ஒன்று குப்பைமேனி. ஜி6பிடி குறைந்தவர்கள் அதைச் சாப்பிட்டு இரத்தம் உடைந்து மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகளை இலங்கை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வேரைக் கண்டால் பூனை மயங்கி உருளுவதால் பூனைவணங்கி என்றும் பெயர் பெற்ற செடி அது. அவ்வளவு வீரியம் உடையது. இரண்டு சொட்டுகூட வேண்டாம். துணி அலமாரியில் பாச்சை உருண்டை இருந்தால் இன்றே எடுத்து எறியுங்கள். அதில் வைத்த பழைய துணியைக் குழந்தைக்குச் சுற்றவும் கூடாது. அந்த வாசனையே இப்பிள்ளைகளுக்கு ஆகாது.

வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயரே வைத்திருக்கிறோம். என் பாட்டியும் எனக்குச் சுட்டு உரைத்துத் தடவியவர்தான். ஆனால் அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968-இலேயே அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். நாக்கில் தடவ வேண்டாம். தேனும் ஒரு வயது முடியும்வரை கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் தேவையில்லை.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையான பாரம் என்று புரிகிறது. அவர் பேரன்மேல் உள்ள பாசத்தில் கேட்கிறார். ‘அத்தை, நீங்கள் சொல்லும் மருந்துக்குச் சக்தி அதிகம், இவன் இரத்தம் அதைத் தாங்காது’ என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட. வீட்டுக்கு வரும் தாதியிடம் அவர் எதிரிலேயே கேளுங்கள். கண்ணிலோ உடம்பிலோ மஞ்சள் தெரிந்தால் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காமல் அன்றே சுகாதார கிளினிக்கிற்குத் தூக்கிப் போங்கள். முற்றிய மஞ்சள் காமாலை பச்சைப் பிள்ளையின் மூளையைத் தாக்கும்.

*கேள்வி: வறட்டு இருமலுக்கு இரண்டு மாதமாக அதிமதுரப் பொடி சாப்பிடுகிறேன். இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? – வாசகர், புக்கிட் மெர்தாஜாம்*

உண்டு. அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். இன்றே நிறுத்துங்கள். இரண்டு மாதம் போகாத இருமலுக்கு நெஞ்சுப் படமும் சளிச் சோதனையும் வேண்டும். காசநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் வேறு பேச்சு.

*கேள்வி: மூட்டுவலிக்கு இரவுச் சந்தையில் ஒரு மூலிகைத் தூள் வாங்கினேன். இரண்டே நாளில் வலி போய்விட்டது. ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறேன். இப்போது முகம் உப்பிவிட்டது, லேசாக இடித்தாலும் தோல் கருநீலமாகிறது. நிறுத்திவிடலாமா? – வாசகி, பிறை*

அம்மா, நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நாளைக் காலை பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். இந்தப் பதிலை வெட்டி எடுத்துக்கொண்டு போனாலும் சரி.

எந்த வேரும் எந்தப் பட்டையும் பல ஆண்டு மூட்டுவலியை இரண்டு நாளில் துடைத்தெடுக்காது. அப்படித் துடைத்தெடுப்பது டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு. சாயமும் சுக்குத்தூளும் கலந்து மறைத்து விற்கிறார்கள். உப்பிய முகமும் சுலபமாகக் கன்றும் தோலும் அதற்குத்தான் பொருந்துகின்றன. வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வந்தால், உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். தூளைச் சட்டென்று விட்டால் இரண்டும் இல்லாமல் போய், வாந்தி, தளர்ச்சி, இரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்து இறக்குவார். சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. வலியில் தவிக்கும் ஒரு தாயிடம் பத்து இருபது ரிங்கிட்டுக்காக இந்த நஞ்சை ‘இயற்கை’ என்று சொல்லி விற்பவர்கள் மூலிகை மருத்துவத்தின் பெயரையே கெடுக்கிறார்கள். நேர்மையாக இடித்துச் சலித்துக் கொடுத்த என் அப்பா போன்றவர்களின் உழைப்பும் இதனால் சந்தேகத்துக்கு ஆளாகிறது.

வாங்குவோர் எல்லோருக்கும் சொல்கிறேன். மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளுக்கு 1992 முதல் பதிவு உண்டு. பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கி, எட்டு இலக்கங்களுக்குப் பின் ‘டி’ (T) என்ற எழுத்து வரும் எண் இருக்க வேண்டும். ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் இருக்கும். அந்த எண்ணை தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் தேடி, அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள். போலி எண் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஈயம், பாதரசம், கிருமி, கலப்பட ஸ்டீராய்டு ஆகியவற்றுக்குச் சோதித்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். நோய் தீரும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

*கேள்வி: டெங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு உண்மையிலேயே வேலை செய்யுமா, நிலவேம்பு நல்லதா? – வாசகர், பாயான் லெப்பாஸ்*

பப்பாளி இலையை நம் நாட்டிலேயே முறையாகச் சோதித்திருக்கிறார்கள். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 228 டெங்கி நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, 50 கிராம் இலையின் சாற்றை மூன்று நாள் கொடுத்தார்கள். அவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் மற்றவர்களைவிட வேகமாக ஏறின. 2013-இல் அது வெளியானது. நம் வீட்டுக் கொல்லை மரத்தை மருத்துவர்கள் மதித்து ஆராய்ந்தது எனக்கு மனநிறைவு தந்த செய்தி.

ஆனால் தட்டணு எண்ணிக்கை ஏறினால் ஆபத்து தாண்டியது என்று நினைப்பது தவறு. டெங்கியில் பலரைக் கொண்டுபோவது இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதுதான். அது காய்ச்சல் விடும் நேரத்தில் நடக்கிறது. ‘காய்ச்சல் விட்டது, சாறு வேலை செய்தது’ என்று வீட்டார் நிம்மதியாகும் அதே நாளில் பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து துவளுதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சாற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் கூடாது, பாரசிட்டமால் மட்டும்.

நிலவேம்பு, இங்கே ஹெம்பெடு பூமி என்று மலாய்க்காரர்களும் அறிந்த செடி. ஒன்பது சரக்கு சேரும் நிலவேம்புக் குடிநீரைத் தமிழ்நாட்டு அரசே டெங்கிக் காலங்களில் ஊர் ஊராக வழங்கியது. கசப்பைத் தாங்க முடிந்தால் காய்ச்சலின்போது குடிக்கலாம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். டெங்கியைத் தீர்க்கும் என்று நம்பி இரத்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

*கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இரத்த அழுத்தத்துக்கு நல்லதென்று பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) பெலிம்பிங் பூலோ என்ற புளிப்புக் காயின் சாறு கொடுக்கச் சொல்கிறார். – வாசகர், ஜெலுத்தோங்*

கொடுக்கவே கூடாது, தம்பி. விரல் நீளத்தில் மரத்தண்டிலேயே கொத்தாகத் தொங்கும் அந்தக் காயில் ஆக்சலேட் ஏராளம். கொழுப்பைக் குறைக்கப் பச்சைச் சாறாகக் குடித்த நல்ல உடம்புக்காரர்களுக்கே சிறுநீரகம் நின்றுபோன நிகழ்வுகள் கேரளத்திலிருந்து பதிவாகியிருக்கின்றன. அதன் உறவான நட்சத்திரப் பழம் உங்கள் அப்பாவுக்கு இன்னும் கொடியது. அதிலுள்ள நரம்பு நஞ்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு, மரணம்வரை போயிருக்கிறது. விருந்துக்குப் போகும் இடத்தில் வெட்டிய பழத்தட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு துண்டுகூட வேண்டாம். மாக்சிக்கிடமும் சொல்லுங்கள்; அவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

*கேள்வி: நாட்டு மருந்து சாப்பிடுகிறேன் என்றாலே டாக்டர்கள் எரிந்து விழுகிறார்கள். அப்படியிருக்க ஏன் அவர்களிடம் சொல்ல வேண்டும்? – கல்லூரி மாணவி, ஜார்ஜ்டவுன்*

மகளே, உன் கேள்வியிலுள்ள வலி எனக்குத் தெரியும். என் பெரிய அத்தைக்கு இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒருமுறை கிளினிக் ஒன்றில் தான் குடிக்கும் கஷாயத்தைப் பற்றிச் சொன்னார். அங்கிருந்த இளம் மருத்துவர் மற்ற நோயாளிகள் எதிரில், ‘குப்பையெல்லாம் குடித்துவிட்டு இங்கே ஏன் வருகிறீர்கள்’ என்று சத்தம் போட்டார். அத்தை அன்றோடு வாயை மூடிக்கொண்டார். அடுத்த ஆண்டு இரத்தம் ஊறட்டும் என்று தினமும் முருங்கைக் கீரை சாப்பிடத் தொடங்கினார். அது மருந்துகூட இல்லை, சாப்பாடு. ஆனால் கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையை எதிர்க்கும். சோதனையில் இரத்தம் கட்டியாவது ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. கேட்டபோது ‘ஒன்றும் சாப்பிடவில்லை’ என்றார். ஒருநாள் காலை என்னிடம் பேச வாயெடுத்தவருக்குப் பேச்சு வரவில்லை. மூளைக்குப் போகும் குழாயில் இரத்தம் கட்டிவிட்டது. பேச்சு பாதிதான் திரும்பியது. பத்து நாள் கழித்து அவர் வீட்டு அடுப்படியில் உருவி வைத்திருந்த கீரைத் தட்டைப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை விலக்க வேண்டியதில்லை. வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். யாராவது அன்பாகக் கேட்டிருந்தால் அத்தைக்கு அதைச் சொல்லியிருக்கலாம்.

அப்பா எதையும் நிறுத்துக் கட்டுவதற்கு முன், தராசில் கை வைத்தபடி மூன்று கேள்வி கேட்பார். யாருக்கு? என்ன வயது? வேறென்ன சாப்பிடுகிறீர்கள்? ‘டாக்டர் மாத்திரை இருக்கிறது’ என்றால் பெயர் என்ன என்று கேட்பார். தெரியாவிட்டால் மாத்திரை உறையைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிடுவார். வியாபாரம் போகிறதே என்று நான் வருந்தியதுண்டு. மருத்துவமனை மருந்தகத்தில் நான் கேட்டதும் அதே மூன்று கேள்விகள்தான்.

காலம் மாறிக்கொண்டிருக்கிறது. நம் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007-லேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கிவிட்டது. 2016-இல் பாரம்பரிய மருத்துவத்துக்குத் தனிச் சட்டமும் வந்தது. மார்புச் சளிக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் புரோமெக்சின், ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற பொருளின் வழியில் பிறந்தது. அதனால் நீ தயங்காமல் சொல். எரிந்து விழுந்தால், ‘இதை உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர்’ என்று அமைதியாகக் கேள். அப்படியும் கேட்காவிட்டால் மருந்து கொடுக்கும் சாளரத்தில் இருக்கும் மருந்தாளரிடம் பொட்டலத்தைக் காட்டு. சித்த மருத்துவரிடம் போகும்போதும் மாத்திரைப் பையைக் கொண்டு போ. மறைப்பது எந்தப் பக்கமானாலும் கெடுதல் உன் உடம்புக்குத்தான்.

*கேள்வி: பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்கு வல்லாரை கொடுக்கலாமா? எங்கே நல்ல கீரை கிடைக்கும்? – வாசகி, பாலிக் பூலாவ்*

துவையலாக, வாரம் இரண்டு முறை கொடுங்கள். மதிப்பெண் ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன், நல்ல கீரை என்று சொல்வேன். காலைச் சந்தையில் பெகாகா என்று கேட்டால் கட்டாகக் கிடைக்கும். சாலையோரக் கால்வாயில் தழைத்திருப்பதைப் பறிக்காதீர்கள். அது நிற்கும் மண்ணில் ஈயம் போன்ற உலோகங்கள் இருந்தால் அவற்றையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு கட்டு வாங்கும்போது வேரோடு இருக்கும் நாலு கொடியை எடுத்து அகலத் தொட்டியில் ஊன்றிவிடுங்கள். பாதி நிழலும் தினம் தண்ணீரும் போதும். என் வீட்டுப் பின்கட்டில் அப்படி ஊன்றியது இப்போது இரண்டாவது தொட்டிக்கும் தாவிவிட்டது.